மூன்று பாதிரிமாரும் ஒரு வாழையிலையும்

கோயிலுக்குப் போனால் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, மனசுக்குள் மூன்று வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கும் ஆளுக்கு ஒரு கும்பிடு போடுவது என் வழக்கம். பிள்ளையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த மூன்று பேரையும் நான் பார்த்ததில்லை. விக்டோரியா ராணி காலத்து ஆட்கள். நான் பிறப்பதற்கு வெகு முன்னாலேயே மண்ணுக்குள் போனவர்கள். ஆனாலும் ஒரு வருஷத்தில் பாதியை அவர்கள் பின்னாலேயே அலைந்து கழித்தேன். அலைந்தபோது அவர்களைத் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கு நன்றியோடு நினைக்கிறேன்.

நான் பிறந்த வீடு மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருப் பக்கம். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே ஜன்னலில் கேட்கும். அப்பா சுங்கத்துறையில் கிராணி, அதாவது குமாஸ்தா. கான்வென்ட்டில் படித்து, டைப்பும் சுருக்கெழுத்தும் பழகி, ஒரு லாயர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்த என்னை காஜா பெராங்கில் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்வது அப்பாவின் மரியாதைக்காக. நானாகப் பார்த்து, நானாகப் பிடிவாதம் பிடித்த கல்யாணம் அது.

"தமிழ் தெரியாத வீட்டுல போய் எப்படிடி குப்பை கொட்டுவே?" என்று அம்மா கேட்டாள்.

பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து, மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட தமிழர்கள்தான் மலாக்கா செட்டிகள். என் புருஷனுக்குத் தமிழில் தெரிந்தது சாமி பேர்களும் சில உறவுமுறைகளும்தான். நெற்றியில் திருநீறு, வீட்டில் பூஜை, பொங்கல், எல்லாம் நம்மைப்போலத்தான். பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய். அது சந்தையில் பேசுகிற பசார் மலாயும் இல்லை, பள்ளிக்கூட மலாயும் இல்லை. சண்டை போட வேண்டும் என்கிற அவசரத்தில் நான் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். அந்த வீட்டார் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். கொஞ்சம் சுவை குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் புருஷன், மனைவியை இழந்த என் மாமனார், அவருடைய விதவை அக்கா. என் கணவருக்கு அந்த அம்மாள் அத்தை; நானும் அத்தை என்றே கூப்பிட்டேன். சமையலறைச் சாவியிலிருந்து சாமி அறைச் சாவி வரை அத்தையின் இடுப்பில்தான் இருந்தது. என் கோபம் மூக்குக்கு மேல் வரும் ரகம். அத்தையின் கோபம் வெளியே வரவே வராது. அதனால் எங்கள் சண்டைகளில் எப்போதும் தோற்றது நான்தான்.

செட்டி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, பார்ச்சு என்பார்கள். வருஷத்தில் இரண்டு தரம், பழங்கள் பழுக்கிற காலத்தில் ஒன்று, பொங்கலுக்கு முன்னே போகியன்று ஒன்று. செத்துப்போன பெரியவர்கள் எல்லாரும் அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். கூடத்தில் வரிசையாக வாழையிலை போட்டு, யார் யாருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்து வைத்து, விளக்கேற்றிக் கும்பிடுவோம். பிறகு உயிரோடு இருக்கிற எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டாமா? கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவைத் திறப்போம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அம்மா போனபிறகு அப்படி இல்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷத்துப் பழக்கால பார்ச்சு அது. மாமனார் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். அதிகம் பேசாத மனுஷன். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே வந்ததும், முன்வாசல் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தை கொல்லைப்புறத்தில் இருந்தார்.

"எனக்கும் சீக்கிரம் ஒரு இலை போடுவீங்க" என்றார்.

"இப்ப எதுக்கு மாமா அந்தப் பேச்சு?"

"அதுக்கு நான் பயப்படலே மகளே. நான் அங்க போய் உக்காருவேன். எங்க தாத்தா மட்டும் உள்ள வர முடியாம வாசல்லயே நின்னுக்கிட்டு இருப்பாரு. அவரை வெளிய நிக்க வச்சுட்டு என் தொண்டையில சோறு எப்படி இறங்கும்?"

அன்றைக்குத்தான் அவருடைய தாத்தாவுக்கு அந்த வீட்டில் இலை போடுவதில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. கதையை அவர் கோர்வையாகச் சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டேன். தாத்தா இங்கிலீஷ் கோயிலின் பெரிய பாதிரி வீட்டில் பங்கா இழுக்கிறவராக இருந்தார். மின்விசிறி இல்லாத காலம். கூரையிலிருந்து அகலமாகத் துணிவிசிறி தொங்கும், அதன் கயிறு சுவர்த் துளை வழியாக வெளித் தாழ்வாரத்துக்கு வரும், அங்கே உட்கார்ந்து ஒரு ஆள் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் ஆற்றங்கரைக் கிட்டங்கியில் ஒரு வியாபாரி குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தான். அதற்கு முதல் நாள் தாத்தா அவனோடு நடுத்தெருவில் வாய்ச்சண்டை போட்டிருந்தார். போலீஸ் வந்து தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்று வெள்ளைக்காரப் பாதிரிமார் வந்து என்னவோ சொன்னார்கள், விட்டுவிட்டார்கள். கொன்றவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் தாத்தாவை வீட்டார் உள்ளே சேர்க்கவில்லை. சாகிறவரை பாதிரி வீட்டுப் பின்னால் ஒரு கொட்டகையில் இருந்தார்.

"கம்போங் முனையில ஒரு மரம் இருந்துச்சு. அதுக்குக் கீழ வந்து நிப்பாரு. என்னைப் பாத்தா ஒரு பிஸ்கட் குடுப்பாரு. பாதிரி வீட்டு பிஸ்கட், இஞ்சி வாசனை அடிக்கும். அக்கா பாத்தா புடுங்கி வீசிடும்" என்றார் மாமனார். சொல்லும்போது அவருக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. கோர்ட்டே விட்டுவிட்ட மனுஷனை இவர்கள் யார் தண்டிக்க? "போகிக்குள்ள உங்க தாத்தா கொலைகாரர் இல்லேன்னு நான் நிரூபிச்சுக் காட்டுறேன்" என்று சபதம் போட்டேன். மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார். அவர் சொல்ல வந்ததை அன்றே கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ செருப்புத் தேய்மானம் மிச்சமாகியிருக்கும்.

அந்த வருஷம் எங்கள் ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. குடியுரிமை வாங்க ஊரே திரண்டு வந்தது. இந்த மண்ணில்தான் பிறந்தேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவார்கள், நான் டைப் அடித்துக்கொண்டே இருப்பேன். புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த ஒரு அம்மாள், தான் பிறந்தபோது காய்த்த பலாமரம் இன்னும் நிற்கிறது, அதைச் சாட்சியாகப் போடலாமா என்று கேட்டாள். லாயர் சிரிக்கவில்லை. "மரத்த காட்டக்கூடிய ஆள் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். நல்ல மனுஷன், ஆனால் சிடுமூஞ்சி. நான் தாத்தா விஷயத்தைச் சொன்னதும், "இருக்கிற வேலை போதலையா உனக்கு?" என்று எரிந்து விழுந்தார். மறுநாள் காலையில் என் மேசையில் அவருடைய பீரோச் சாவி இருந்தது. அந்த பீரோவில் அவருக்கு முன்னால் இருந்த லாயர் சேர்த்துவைத்த பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கறையான் பாதி தின்றிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதில் போனது. தும்மித் தும்மி மூக்கு வீங்கியது. கடைசியில் கிடைத்தது. அரைப் பத்தி, ஓரம் அரித்திருந்தது. அதில் மூன்று பாதிரிமாரும் சாட்சி சொல்லியிருந்தார்கள். பெரிய பாதிரியின் சின்ன மகளுக்குக் கொலை நடந்த இரவு கடும் காய்ச்சல். பிழைக்காது என்று டாக்டர் கைவிட்டிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரியும், பினாங்கிலிருந்து வந்து தங்கியிருந்த இன்னொரு பாதிரியும் கூடவே உட்கார்ந்து விடிய விடிய ஜெபம் செய்திருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் குழந்தையின் தலைக்கு மேலே பங்கா ஒரு கணம்கூட நிற்கவில்லை என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். கயிற்றின் மறுமுனையில் இருந்தது தாத்தா. கிட்டங்கியோ ஆற்றங்கரையில். மனுஷன் எப்படிப் போய்க் குத்தியிருக்க முடியும்?

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை அப்படியே டைப் அடித்து எடுத்துக்கொண்டு, சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தேன். அத்தை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மாமனாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மலாயில் சொன்னேன். முடித்துவிட்டு, பரிசு வாங்கப்போகிறவள்போல நின்றேன்.

அத்தை கையைக் கழுவினார். "இதுதான் எங்களுக்குத் தெரியுமே" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவரு கொல்லலேன்னு."

"அப்புறம் ஏன் இலை போடலே?"

"கொலை பண்ணினவனா இருந்தாக்கூட இலை போடுவோம் பொண்ணே. பெத்தவங்கள தள்ளி வைக்க முடியுமா? அவரு பாதிரிமாரோட வேதத்துல சேந்துட்டாரு. மூணு வெள்ளைக்காரச் சாமியாருங்க ஒரு செட்டிக்காகக் கோர்ட்டுப் படியேறிச் சத்தியம் பண்ணுவாங்களா? சும்மாவா பண்ணுவாங்க? உயிரைக் காப்பாத்திக்கத் தலையில தண்ணி ஊத்திக்கிட்டாரு. வேதத்துல சேந்தவருக்கு அவங்க சாமி சோறு போடும். நம்ம இலைக்கு அவரு எப்படி வருவாரு?"

ஆக, நான் இத்தனை நாள் யாருமே சாட்டாத குற்றத்திலிருந்து அந்த மனுஷனை விடுவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுமட்டுமா, நான் கொண்டுவந்த ஆதாரமே அவருக்கு எதிரான ஆதாரம். மூன்று பாதிரிமார் எவ்வளவு உறுதியாகப் பேசினார்களோ, அவ்வளவுக்கு அவர் மதம் மாறியது உறுதி என்பது அத்தையின் கணக்கு. எனக்கு வந்த கோபத்தில் மீன் சட்டியைத் தூக்கிப் போட்டிருப்பேன். "நீங்க யாராச்சும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கத்தினேன்.

அத்தை கத்தவில்லை. "எங்கப்பா சாகும்போது கடைசியா எங்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான். தாத்தாவுக்கு இலை வேணாம், அவரு பேச்சையே எடுக்காதேன்னு. அப்பா பேச்சை நான் மீறணும்னா, நீ பேப்பர் கொண்டாந்தா பத்தாது" என்றார்.

மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்குப் படியில் அவர் சொல்ல வந்தது இதைத்தான் என்று எனக்குப் புரிந்தது.

சில நாள் நானும் அத்தையும் ஒரே அறையில் உட்காரவில்லை. என் புருஷன் பாவம், எனக்கும் அத்தைக்கும் நடுவில் கோப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். "விட்டுடேன். எத்தனையோ வருஷமா இப்படித்தானே இருக்கு" என்றார். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. மாமனார் மூச்சு வாங்குவதை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். போகிக்குள் தாத்தாவுக்கு இலை விழவில்லையென்றால் அவர் அதைப் பார்க்காமலேயே போய்விடுவார் என்று பயந்தேன். அதனால் கொலையை விட்டுவிட்டுப் பாதிரிமாரைப் பிடித்தேன்.

ஆற்றுக்கு அந்தப்புறம் இங்கிலீஷ் கோயிலில் அப்போது இருந்தவர் ஒரு தமிழ்ப் பாதிரியார். ஒரு இந்துப் பெண் வந்து, ஒருவர் கிறிஸ்தவர் ஆகவில்லை என்று நிரூபிக்க உதவி கேட்டால் எந்தப் பாதிரியார் உதவுவார்? இவர் உதவினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ கொடுத்து, பழைய ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துவைத்தார். தாத்தாவின் பேர் எங்கேயும் இல்லை. ஆனால் இடையிடையே ஏடுகள் போயிருந்தன. ஜப்பான்காரன் காலத்தில் எல்லார் வீட்டிலும் போனதுபோலத்தான். அத்தை என்ன சொல்வார் என்று கேட்காமலே தெரியும். போன ஏட்டில் இருந்திருக்கும் என்பார்.

"இல்லாத ஒண்ணை இல்லேன்னு காட்டுறது கஷ்டம்மா. நாங்களே கடவுள் இருக்காருன்னு காட்டுறதுக்குத்தான் பாடா படுறோம்" என்று பாதிரியார் சிரித்தார்.

மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரி பிறகு சீனாவுக்குப் போய் அங்கேயே காலமானாராம். பினாங்குப் பாதிரிக்குப் பேரைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. பெரிய பாதிரிக்கு மட்டும் கோயில் சுவரில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. அதன் முன்னால் நின்று, "நீங்க வாயத் திறந்தா என்னவாம்?" என்று முணுமுணுத்தேன். பாதிரியார் காதில் விழுந்துவிட்டது.

"அவருக்குப் பதிலா பேச ஒருத்தர் இருக்காங்க" என்றார் அவர்.

அப்படித்தான் அந்த வெள்ளைக்கார அம்மாள் வந்தார். பெரிய பாதிரியின் பேத்தி. கோலாலம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வெகுகாலம் ஆசிரியையாக இருந்தவர். அவ்வப்போது மலாக்கா வந்து தாத்தாவின் பலகையைத் துடைத்துவிட்டுப் போவாராம். அன்றிரவு காய்ச்சலில் கிடந்த குழந்தை பிழைத்து வளர்ந்து, கல்யாணம் செய்து பெற்ற மகள்தான் இவர். மெர்டேக்கா வந்தாயிற்று, இவருக்கும் வேலை முடிந்துவிட்டது, வருஷக் கடைசியில் கப்பலேறப் போகிறார், கடைசியாக ஒருமுறை வருவார் என்று பாதிரியார் சொன்னார். காஜா பெராங்குக்கும் வரச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் வருகிற அன்று காலையில் லாயர் என்னைக் கூப்பிட்டார். "சாட்சிக்கு வார்த்தை எடுத்துக் குடுக்காதே. நீ எடுத்துக் குடுத்தா, அவ சொல்றதுக்கு மதிப்பு போயிடும். வாயை மூடிக்கிட்டு இரு. முடியுமா உன்னால?" என்றார். முடியாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் வாக்குக் கொடுத்தேன். பாதிரியாரிடமும், பழைய வேலைக்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்க ஒரு குடும்பம் விரும்புகிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

உயரமான அம்மாள், கையில் குடை, கன்னமெல்லாம் வெயில் பட்ட சிவப்பு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்ததிலேயே அத்தையின் முகம் கொஞ்சம் இளகியது. அதைவிட, அந்த அம்மாள் மலாயில் பேசினார். இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் சரளமான மலாய். நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பெரிய உபகாரம். நான் நடுவில் புகுந்து திரித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அத்தையும் மாமனாரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் கோப்பி கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பங்கா இழுத்தவரைப் பத்தி எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நான் உயிரோட இருக்கிறதே அவரு கையாலதான்னு. அவரு காத்து நிக்காம வந்துச்சாம். ஆனா எங்க தாத்தாவுக்கு அவரு மேல ஒரு கோபம்" என்றார் அந்த அம்மாள்.

அத்தை நிமிர்ந்தார். "என்ன கோபம்?"

"வருஷத்துல ஒருநாள், ஜனவரி மாசத்துல, அவரு வேலை செய்யமாட்டாரு. என்ன சொன்னாலும் கேக்கமாட்டாரு. அன்னிக்குப் பங்கா இழுக்க வேற ஆளும் கிடைக்காது. பாதிரியா இருந்த எங்க தாத்தாவே கயித்தைப் பிடிச்சு இழுப்பாராம். ரொம்ப மோசமா இழுப்பாராம். பிரசங்கத்துக்கு ஏதாவது யோசனை வந்தா அப்படியே நிறுத்திடுவாராம். அம்மாவுக்கு அதைச் சொன்னா சிரிப்பு அடங்காது."

மாமனார் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "அன்னிக்கு அவரு எங்க போவாரு?"

"எங்கேயும் போகமாட்டாரு. பின்னால அவரு கொட்டகையிலதான் இருப்பாரு. அம்மா சின்னப் பிள்ளையில ஒளிஞ்சு நின்னு பாத்திருக்காங்க. எங்க பாட்டியோட வாழை மரத்துலேருந்து இலை அறுத்துட்டுப் போவாராம். பாட்டிக்கு அது ஒரு கோபம். இலையைத் தரையில வரிசையா போட்டு, சோறு குழம்பெல்லாம் வச்சு, விளக்கு ஏத்துவாராம். அதுக்கப்புறம்தான் வேடிக்கை. ஒரு வாய்கூடச் சாப்பிடாம வெளிய வந்துடுவாராம்."

நான் சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று விரலை நெரித்துக்கொண்டிருந்தேன்.

அத்தைதான் கேட்டார். "கதவு?"

"ஆமா, கதவைச் சாத்திடுவாரு. உள்ள யாருமே இல்ல. கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்துடுவாரு. ஒரு தடவை அம்மா போய், உள்ள யாரு இருக்காங்கன்னு கேட்டுட்டாங்க. எங்க வீட்டு ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, சத்தம் போடாதே அப்படின்னாராம்."

அந்த அம்மாள் கோப்பியை எடுத்துக் குடித்தார். அவருக்கு அது என்னவென்றே தெரியாது. "எங்க தாத்தா கடைசிவரைக்கும் அவரை எங்க மதத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நீ ஒருத்தன் வந்தாப் போதும்னு கெஞ்சினாராம். வந்தா என் வீட்டு ஆளுங்களுக்கு யாரு சோறு போடுவான்னு கேப்பாராம். தாத்தாவால பதில் சொல்ல முடியலே. அவங்க வீட்டுல வேற யாரும் இல்ல போலிருக்கு, பாவம்" என்றார்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த முகத்தில் நான் கண்ணீரைப் பார்த்தது அன்றைக்குத்தான். தாத்தாவைத் தள்ளி வைத்த அவருடைய அப்பாவும் பாட்டிமாரும் அந்தக் கூடத்தில் வருஷா வருஷம் பார்ச்சு கும்பிட்ட அதே நாளில், ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் தாத்தா தனியாக அதே பெரியவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவேளை அவர்கள் இரண்டு இடத்திலும் சாப்பிட்டிருப்பார்கள்.

மாமனார் எழுந்துபோய் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்குத் திகைப்பு. நான்தான் அப்புறம் வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் குடையை விரிக்காமலே வெயிலில் நின்றார். "வருஷா வருஷம் இந்தப் பக்கம் வந்தேன். இங்க ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கலாமே" என்றார். அந்தப் பெண்மணிக்கு நான் நன்றி சொன்ன விதம் போதாது என்று இன்றைக்கும் எனக்கு உறுத்தும். கோயிலில் மூன்று கும்பிடு என்று சொன்னேன். நிஜத்தில் அது நாலு, நாலாவது அவருக்கு.

அந்த மூன்று பாதிரிமாரும் கோர்ட்டில் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரு கூலிக்காரனுக்காக அவ்வளவு தூரம் வந்து சொன்னது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் தாத்தா தூக்கில் தொங்கியிருப்பார். சொன்னதால் வீட்டை இழந்தார். அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? பெரிய பாதிரி தன்னிடம் மசியாத அந்த மனுஷனைக் கொட்டகையை விட்டுத் துரத்தவில்லை. அவருடைய பார்ச்சு நாளில் தானே கயிற்றை இழுத்தார். நான் திட்டியதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அத்தை இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த பெரிய காரியம் அதுதான் என்பார் என் புருஷன். போகிக்கு முதல் நாள் சாயங்காலம் அத்தையைக் காணவில்லை. வெளியே தனியாகப் போகிற ஆளே இல்லை. தேட ஆரம்பித்த நேரத்தில் மூன்று சக்கரத் திரிஷாவில் வந்து இறங்கினார். கையில் ஒரு தகரடப்பா. மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமனார் மூடியைத் திறந்தார். இஞ்சி வாசனை அடித்தது. எங்கே தேடிப் பிடித்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

போகியன்று இலை போடும்போது வரிசையில் முதல் இடத்தைக் காட்டி, "இங்க போடு. அவருதான் மூத்தவரு" என்று என்னிடம் சொன்னார். நான் போட்டேன். சோறு, குழம்பு, பலகாரம் எல்லாம் வைத்தோம். பிஸ்கட்டை அத்தை தன் கையால் வைத்தார். வைத்துவிட்டு இலையின் முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. நாங்கள் யாரும் தூக்கிவிடப் போகவில்லை.

பிறகு எல்லாரும் வெளியே வந்தோம். மாமனார் கதவைச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்தார். தெருவில் மீ நூடுல்ஸ் விற்கிற சீனன் மூங்கில் குச்சிகளைத் தட்டி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளி வந்தான். அந்தப் பக்கத்துக்குப் புதிது. நாங்கள் எல்லாரும் வெளியே உட்கார்ந்திருப்பதையும் கதவு சாத்தியிருப்பதையும் பார்த்துவிட்டு நின்றான்.

"வீட்டுக்குள்ள யாரு?" என்று மலாயில் கேட்டான்.

"எங்க தாத்தா. சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்றார் மாமனார்.

சீனன் கதவைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். அவன் வீட்டிலும் செத்தவர்களுக்குச் சோறு வைப்பார்கள் போலும். குச்சிகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டைத் தாண்டுகிறவரை தட்டாமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.